ரயில் பொம்மை பார்க்க எவ்வளவு தூரம் போகலாம்?

குழந்தைகளே, விடுமுறை வந்தால் போதும். "மினியேச்சர் ரயில் கண்காட்சி! குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்!" என்று ஏதாவது ஒரு சுவரொட்டி உங்கள் கண்ணில் பட்டுவிடும். பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும். அன்று மாலையே வீட்டில், "அப்பா, போகலாம்ப்பா!" ஆரம்பம்.

போகலாம்தான். ஆனால் நம் காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் அது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. கோர்வைச் சேலை நெய்கிற தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவருக்கும் வேலை நின்றுவிடும். கூலி சேலைக் கணக்கில் வருவது. மாதச் சம்பளம் இல்லை. ஆகவே நாலு பேர் சென்னைக்குப் போய் வந்தால், பயணச் செலவு, சாப்பாடு, நுழைவுச் சீட்டு ஆகியவற்றோடு, தறி ஒரு நாள் நின்ற கூலியையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்கு எழுத வேண்டும். அவ்வளவும் கொடுத்துப் போன இடத்தில், மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரு வட்டத்தில் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தால்? திரும்பி வரும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது!

எனவே, எந்த ரயில் கண்காட்சி பயணத்துக்கு ஏற்றது, எது வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற ரகம் என்று கண்டுபிடிக்கும் வித்தையை இன்று சொல்லப் போகிறேன். கையில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

பொம்மை வேறு, மாதிரி வேறு

ரயில் போல இருப்பதெல்லாம் 'மாடல் ரயில்' ஆகிவிடாது. உண்மையான ரயிலின் ஒவ்வொரு அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்திருந்தால்தான் அது மாதிரி ரயில். சக்கரத்தை ஓர் எண்ணாலும் ஜன்னலை வேறோர் எண்ணாலும் வகுத்தால் அது பொம்மை.

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் கட்டத்தாளில் வரைவதைப் பார்த்திருக்கிறீர்களா? சேலையில் விரல் நகம் அளவே வரப்போகிற அன்னப்பறவையைத் தாளில் பெரிதாக வரைவார். ஆனால் அலகு எத்தனை கட்டம், வால் எத்தனை கட்டம் என்ற விகிதம் மாறவே மாறாது. மாதிரி ரயில் செய்பவர் அதையே தலைகீழாகச் செய்கிறார். பெரியதைச் சிறியதாக்குகிறார்.

உலகில் மிக அதிகமாகப் பயன்படும் விகிதம் 87-ல் ஒன்று. இதற்கு 'எச்.ஓ.' என்று பெயர். இன்னும் சிறியது 160-ல் ஒன்று, அது 'என்'. அதையும் விடக் குட்டி 220-ல் ஒன்று. அதன் பெயர் 'இசட்'. ஜெர்மனியின் மார்க்ளின் என்ற நிறுவனம் 1972-ல் அதைக் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் ஆறரை மில்லிமீட்டர்தான். உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் குறைவு!

மார்க்ளின் பழைய நிறுவனம், 1859-ல் தொடங்கியது. அவர்கள் 1891-ல் லைப்சிக் நகரச் சந்தையில் ஒரு புதுமை செய்தார்கள். அதற்கு முன்பு ஒருவர் செய்த பொம்மை ரயில் இன்னொருவர் செய்த தண்டவாளத்தில் ஏறாது. அவர்கள்தான் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து, இந்த வருடம் ஒரு எஞ்சின், அடுத்த வருடம் இரண்டு பெட்டி, அதற்கடுத்த வருடம் ஒரு ஸ்டேஷன் என்று சேர்த்துக்கொண்டே போகும்படி செய்தார்கள். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவரின் நிறுவனம் 1920-ல் ரயில் பொம்மைகளை விற்க ஆரம்பித்தது. இன்றும் ஹார்ன்பி என்ற பெயர் கடைகளில் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம்.

நம் ஊர் ரயிலின் நீலப் பெட்டி ஒன்று சுமார் 22 மீட்டர் நீளம். அதை 87 ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். உங்கள் அடிக்கோலைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பெட்டி என்றால் மேசை மேல் வைத்துவிடலாம். 16 பெட்டி உள்ள வந்தே பாரத் ரயில்? அது 384 மீட்டர். 87 ஆல் வகுத்தால் 4.4 மீட்டர்! பல வீடுகளின் கூடமே அவ்வளவு நீளம் இராது. ரயில் திரும்புவதற்கு இருபுறமும் இன்னும் இடம் வேண்டும்.

கண்காட்சிக்குப் போக வேண்டிய உண்மையான காரணம் இதுதான். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத முழு நீள ரயிலை அங்கே பார்க்கலாம். அங்கேயும் ஓர் எஞ்சினும் மூன்று பெட்டியும்தான் என்றால், அதற்காக ஏன் போக வேண்டும்? அதைப் பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருப்பான்.

கம்பத்தைப் பார், எண்ணு!

இப்போது என்னுடைய செல்லச் சோதனை. இதை என் மாணவர்கள் 'கம்பச் சோதனை' என்பார்கள்.

மாதிரி ரயில் ஓடும் இடத்தில் ஏதாவது ஒரு குட்டிக் கம்பத்தையோ சிக்னலையோ கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அதைத் தாண்டியதும், முதல் பெட்டி கம்பத்துக்கு வரும்போது மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொன்னால் ஓர் எண் ஏறக்குறைய ஒரு விநாடி. பத்துப் பெட்டிகள் கடக்க எத்தனை விநாடி ஆகிறது?

உண்மையான ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பத்துப் பெட்டிகள் ஒரு கம்பத்தைக் கடக்க 13 விநாடிகள் ஆகும். இதில் வேடிக்கை என்னவென்றால், நீளத்தையும் வேகத்தையும் ஒரே எண்ணால் குறைத்துவிட்டால் நேரம் மாறுவதே இல்லை! மாதிரி ரயிலுக்கும் அதே 13 விநாடிகள்தான் ஆக வேண்டும். மூன்றே விநாடிகளில் பத்துப் பெட்டியும் பறந்துவிட்டால், அது மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல். கூட்ஸ் வண்டி அந்த வேகத்தில் போனால் எப்படி இருக்கும்! ஓட்டுபவர் ரயிலைப் பற்றி யோசிக்கவில்லை, கூட்டத்தைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதை முதலில் உண்மையான ரயிலில் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறிய மின்சார ரயில் சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ஒரு நிலையத்தில் நிற்கும்போது, பக்கத்துப் பாதையில் ஓர் எக்ஸ்பிரஸ் நிற்காமல் ஓடினால், ஜன்னலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஜன்னலுக்குள் இருந்தபடியேதான்! கையையோ தலையையோ வெளியே நீட்டினால் இந்தச் சோதனையை நான் சொல்லித் தரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

அடுத்தது சிக்னல். கண்காட்சியில் சிவப்பு, பச்சை விளக்குகள் அழகாக மின்னும். அழகு போதாது. ரயில் ஒரு சிக்னலைத் தாண்டியவுடன் அது சிவப்பாக மாறுகிறதா என்று பாருங்கள். சென்னைப் புறநகர்ப் பாதையில் அப்படித்தான் நடக்கும். முன்னே போன ரயில் தள்ளிப் போகப் போக, சிவப்பு மஞ்சளாகும், பிறகு இரண்டு மஞ்சள், அதன் பிறகு பச்சை. இரண்டு மஞ்சள் எரிந்தால், அடுத்த சிக்னலில் ஒற்றை மஞ்சள் இருக்கக்கூடும், தயாராக இரு என்று ஓட்டுநருக்குச் செய்தி. மாதிரியிலும் இப்படி மாறினால், அதைச் செய்தவர் ரயில்வேயைப் படித்தவர். வெறுமனே கல்யாண வீட்டு சீரியல் பல்பு போல் மின்னினால் அது அலங்காரம்.

இன்னொரு குறும்புக் கேள்வியும் உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் பெரும்பாலும் 1,435 மில்லிமீட்டர். 1,435-ஐ 87 ஆல் வகுத்தால் பதினாறரை மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் அந்த அளவுதான். ஆனால் 1,676-ஐ வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆகவே நம் ஊர் ராஜதானியையும் சதாப்தியையும் அந்தத் தண்டவாளத்தில் ஓட்டினால், பெட்டி இந்தியப் பெட்டி, தண்டவாளம் ஐரோப்பியத் தண்டவாளம்! "ஐயா, உங்கள் பாதை 16.5 மில்லிமீட்டரா, 19 மில்லிமீட்டரா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான ஆர்வலராக இருந்தால் உங்களை விடமாட்டார்; பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசுவார். அந்த அரை மணிக்காகவே போகலாம்.

ஓடுமா, ஓடாதா?

பல ஆண்டுகளுக்கு முன்பு, வெளியூர் ஒன்றில் நடந்த கண்காட்சிக்கு 42 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் பெயர் வேண்டாம். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். உள்ளே அருமையான எஞ்சின்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நின்றன. நின்றுகொண்டே இருந்தன. "எப்போது சார் ஓடும்?" என்று கேட்டோம். "பெரிய ஆபீஸர் வரும்போது ஓட்டுவோம்" என்றார் அங்கிருந்தவர். ஆபீஸர் அன்று வரவில்லை. திரும்பும்போது பேருந்தில் ஒரு பாட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, கிளம்புவதற்கு முன்பு தொலைபேசியில் கேட்காமல் நான் எங்கும் பிள்ளைகளை அழைத்துப் போனதில்லை. நீங்களும் அப்பாவையோ அம்மாவையோ கேட்கச் சொல்லுங்கள். ரயில் ஓடுமா? எந்த நேரத்தில், எத்தனை நிமிடம்? வார விடுமுறை என்றைக்கு? சின்னப் பிள்ளைகள் ஏறி நின்று பார்க்கப் படி இருக்கிறதா? (மேசை பெரியவர் மார்பளவு உயரத்தில் இருந்தால், இரண்டாம் வகுப்புத் தங்கைக்கு மேசையின் அடிப்பலகைதான் தெரியும்.) எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதைச் செய்தவர் அங்கே இருப்பாரா?

கடைசிக் கேள்விக்கு 'இருப்பார்' என்று பதில் வந்தால், மற்றவற்றில் கொஞ்சம் குறை இருந்தாலும் போகலாம் என்பேன். பெரிய மண்டபத்தில் ஆளே இல்லாமல் ஓடும் நூறு ரயிலைவிட, ஒரு கல்லூரி மாணவர் அட்டையில் செய்து பக்கத்தில் நின்று விளக்கும் ஒரு ரயில் மேல். நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிகளை அலட்சியம் செய்யாதீர்கள். நடந்தே போகலாம்; தறியும் நிற்காது.

ஒரே நாளில் போய் வர

காஞ்சிபுரத்திலிருந்து காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரத்தில் இருப்பது சென்னை ரயில் அருங்காட்சியகம். வில்லிவாக்கம் பக்கம், புதிய ஆவடி சாலையில், இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி இருக்கிறது. 2002-ல் தொடங்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. முதல் வந்தே பாரத் ரயில் 2018-ல் இங்கேதான் உருவாயிற்று.

அருங்காட்சியகத்தின் உள்ளே கட்டடத்தில் பெட்டிகளின் மாதிரிகள் இருக்கின்றன. தொழிற்சாலைக்காரர்களே தங்கள் பெட்டிகளை மாதிரியாகச் செய்து வைத்தால் எப்படி இருக்கும்! அளவில் பிசகு தேட வேண்டியதில்லை. வெளியே மரத்தடிகளில் உண்மையான பழைய எஞ்சின்கள், நீலகிரி மலை ரயிலின் பெட்டிகள், நீராவியால் ஏர் உழும் ஒரு விசித்திர எந்திரம். சிறுவர் ஏறிச் சுற்றும் குட்டி ரயிலும் உண்டு. மாதிரியையும் அசலையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. உள்ளே ஒரு மாதிரியின் சக்கரங்களை எண்ணிவிட்டு, வெளியே வந்து அசலின் சக்கரங்களை எண்ணலாம்.

அங்கே போகும் வழியே பாதிக் கண்காட்சி. நம் ஊரில் மின்சார ரயில் ஏறினால் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையம். அங்கே இறங்கி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகும் ரயிலில் மாறுங்கள். அடுத்ததாக வரும் ராயபுரத்தைத் தூங்கித் தவறவிடாதீர்கள்! தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. உயரமான தூண்கள் கொண்ட அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. அப்புறம் பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். நிலையத்தின் பெயரிலேயே தொழிற்சாலை! அடுத்து வில்லிவாக்கம். அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தால் சிறிது தூரம்தான்.

நம் ஊரிலிருந்து கடற்கரை நிலையத்துக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதல் ரயிலைப் பிடிக்கும் வீட்டுக்காரர்கள்தான் நிம்மதியாகப் பார்ப்பார்கள். மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள்.

சென்னைத் தீவுத்திடலில் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியிலும் நான் பார்த்த வருடங்களில் ரயில்வே அரங்கு இருந்தது. ஓடும் மாதிரி ரயிலும் இருந்தது. ஆனால் கூட்டம் பின்னாலிருந்து தள்ளும். 'நகருங்க, நகருங்க' என்பார்கள். கம்பச் சோதனைக்கெல்லாம் நேரம் கிடையாது. அப்பளமும் ராட்டினமும்தான் முக்கியம், ரயில் உபரி என்றால் போகலாம். ரயிலுக்காக மட்டும் என்றால் என் ஓட்டு வில்லிவாக்கத்துக்கே.

திருச்சியில் 2014-ல் ஓர் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். மைசூரில் இருப்பது 1979-ல் வந்தது. மகாராணி பயணம் செய்த சொகுசுப் பெட்டி அங்கே இருக்கிறது. இரண்டிலும் பெரிய அசல்கள்தான் விசேஷம். மலைக்கோட்டைக்கோ மைசூர் அரண்மனைக்கோ போகிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி

ஓடும் மாதிரி ரயில் என்று எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் முதல் இடம் புனே நகரத்துக்குத்தான். அங்கே கோத்ருட் பகுதியில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பாவு ஜோஷி என்பவரின் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லோரும் பார்க்கும் அருங்காட்சியகம் ஆயிற்று. தேதியைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்காதீர்கள்! ஓர் அறை முழுக்க ஒரு குட்டி நகரம். மேம்பாலம், தெருவிளக்குகள், சர்க்கஸ் கூடாரம், நடுவே ரயில்கள். விளக்கை அணைத்து இரவு ஆக்கிக் காட்டுவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு காட்சி என்று நடப்பதால், 'ஓடுமா, ஓடாதா' என்ற பிரச்சினையே இல்லை.

இதற்காகக் காஞ்சிபுரத்திலிருந்து புறப்படலாமா? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு முழு நாள் ரயில் பயணம். அரை மணி நேரக் காட்சிக்கு அவ்வளவு தூரமா என்று அம்மா கேட்பார். அவர் கேட்பது நியாயம். மும்பை, ஷீரடி, பண்டரிபுரம் என்று குடும்பமாகப் போகும்போது புனேயில் அரை நாள் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிப் போகிற வாய்ப்பு வந்தும் இதைப் பார்க்காமல் திரும்பினால், எனக்கு வருத்தமாக இருக்கும்.

தில்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகமும் அப்படித்தான். 1977-ல் திறந்தது, திங்கட்கிழமை விடுமுறை. அங்கே பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில், விழாமல் இருக்க இன்னொரு பெரிய சக்கரம் தரையில்! 1907-ல் தொடங்கிய ரயில் அது. 1855-ல் செய்யப்பட்ட 'ஃபேரி குயின்' என்ற நீராவி எஞ்சினும் அந்த அருங்காட்சியகத்தின் சொத்து. அதை 1990-களில் பழுது பார்த்து மறுபடி ஓட வைத்தவர்கள் யார் தெரியுமா? நம் பெரம்பூர்க்காரர்கள்.

தில்லி போகிற வழியில் குவாலியர் வரும். அங்கே ஜெய் விலாஸ் அரண்மனையில் விருந்து மேசை மேல் ஓடுவதற்காக மகாராஜா செய்வித்த வெள்ளி ரயில் இருக்கிறது. பெட்டிகளில் கண்ணாடிக் குடுவைகள். ரயில் மேசையைச் சுற்றி வரும்போது யாராவது ஒரு குடுவையைத் தூக்கினால் ரயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் ஓடும். பரிமாறுகிறவருக்குக் கால் வலிக்காத ஏற்பாடு! அதை மாதிரி என்பதா, பொம்மை என்பதா என்று எனக்கே சந்தேகம்.

கடல் கடந்தும் இருக்கிறது

உலகிலேயே பெரிய மாதிரி ரயில் உலகம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கிறது. பெயர் மினியேச்சர் வுண்டர்லேண்ட். பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றில் இதைத் திறந்தார்கள். விகிதம் நாம் பார்த்த அதே 87-ல் ஒன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள். தண்டவாள நீளம் 16 கிலோமீட்டருக்குமேல். நம் ஊரிலிருந்து வாலாஜாபாத் தூரம் ஒரு கட்டடத்துக்குள்! கால் மணிக்கு ஒரு முறை பகல் போய் இரவு வரும். 2011-ல் ஒரு விமான நிலையமும் சேர்த்தார்கள். குட்டி விமானங்கள் ஓடுபாதையில் ஓடி மேலே எழும்பும். பார்வையாளர்கள் அழுத்துவதற்கு நிறையப் பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பிடித்தது. 'தொடாதே' என்ற பலகை பார்த்தே அலுத்துப்போன பிள்ளைகளுக்கு, 'அழுத்து' என்று ஒரு பொத்தான்!

அத்தை, சித்தப்பா என்று யாராவது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு வரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஜனவரி மாதக் கடைசியில் ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். பனிக்காலம் என்பதால் ஸ்வெட்டர் முக்கியம். ஜப்பானில் யோகோஹாமா நகரில் ஹாரா என்பவர் சேர்த்த மாதிரி ரயில்களுக்கு 2012-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் வார்லி கழகத்தார் நடத்திவந்த புகழ்பெற்ற கண்காட்சி 2023-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய புத்தகத்தில் படித்துவிட்டு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்! எந்தக் கண்காட்சியும் இந்த வருடம் நடக்கிறதா என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

ரயிலுக்குள் என்ன நடக்கிறது?

கண்காட்சிக்குப் போனவுடன் விளங்க வேண்டும் என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி ரயிலில் பேட்டரி இருக்காது. இரண்டு தண்டவாளங்களும் இரண்டு மின்கம்பிகள் போல. ஒன்றில் நேர்முனை, மற்றொன்றில் எதிர்முனை. பெரும்பாலும் 12 வோல்ட். சக்கரம் வழியாக மின்சாரம் ஏறி எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரைச் சுற்றும். முனைகளை மாற்றினால் ரயில் பின்னால் ஓடும். அதனால்தான் தண்டவாளத்தில் தூசி படிந்தால் ரயில் திக்கித் திக்கி நிற்கிறது.

அப்படியானால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்துதானே ஓடும்? ஆமாம், பழைய முறையில் அப்படித்தான். புதிய முறையில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு மின்னணுச் சில்லு உண்டு. அதற்கு ஓர் எண் உண்டு. வகுப்பில் டீச்சர் 'பதினேழு' என்று கூப்பிட்டால் பதினேழாம் எண் மாணவி மட்டும் 'உள்ளேன் டீச்சர்' என்கிறாள் அல்லவா? அதேபோலத் தண்டவாளம் வழியாக எல்லா எஞ்சினுக்கும் கட்டளை போகும். தன் எண் வந்தால் மட்டும் அது கேட்கும். கண்காட்சியில் ஒரே பாதையில் ஓர் எஞ்சின் நிற்க, மற்றொன்று மெதுவாக வந்து அதோடு சேர்வதைப் பார்த்தால், இந்த முறைதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் வீட்டுக் கண்காட்சி

எல்லாம் சரி, இந்த வருடம் எங்குமே போக முடியாது என்கிற வீடுகளும் இருக்கும். அவர்களுக்குத்தான் நவராத்திரி வருகிறதே! நம் ஊர் பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மை வாங்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கொலுப் படிக்குக் கீழே 'பார்க்' வைக்கிறோம் அல்லவா? கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், ஓரமாகச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். அது ஒரு மாதிரி ரயில் காட்சிதான். ஆனால் அதில் ஒரு பெரிய வேடிக்கை உண்டு. ரயில் நிலையத்தின் பக்கத்தில் பெரும்பாலும் செட்டியார் பொம்மையை உட்கார வைத்திருப்பார்கள். அவர் உயரம் 15 சென்டிமீட்டர். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த ரயிலுக்கு அவர் 13 மீட்டர் உயரமுள்ள ராட்சதர்! நாலு மாடிக் கட்டடம் பலசரக்குக் கடை வைத்திருப்பது போல.

இந்த முறை செட்டியாரை மேல் படிக்கு அனுப்பிவிட்டு, பார்க்கில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் செய்து பாருங்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள், 87-ல் ஒன்றில், இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எரிந்து அணைந்த தீக்குச்சியைச் சரிபாதியாக உடைத்தால் ஒரு பயணி தயார். அம்மா விளக்கேற்றிவிட்டுப் போடும் குச்சிகளை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். ஐம்பது குச்சி சேர்ந்தால் நூறு பயணிகள். வண்ணக் காகிதத்தில் ஆளுக்கு ஒரு சட்டை சுற்றிவிடுங்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும் வெள்ளைச் சட்டையும், கையில் ஒரு பச்சைக் கொடியும்.